பல்புக்கு வைத்த பொட்டு

மைதா மாவை உருட்டி உருட்டி ஒற்றிக்கொண்டிருந்தாள் ஆவுடைச்செல்வி. நெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை. தளர்ந்தாலும் ஒட்டாது, இறுகினாலும் ஒட்டாது, பூரிக்குப் பிசைகிற பதம்தான் சரி. அதை விரல் நுனியில் பிடித்துப் புரொஜெக்டரின் வயிற்றுக்குள், பல்பு இருந்த பொந்துக்குள் விட்டு மெல்ல ஒற்றி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தூள்கூட மாவோடு வந்துவிடுகிறது. துணியால் துடைத்தால் துணியில் ஏறிக்கொண்டு கையைக் கிழிக்கும், வாயால் ஊதினால் மூஞ்சியில் அடிக்கும், மாவுதான் நல்லது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சிம்னி கிளாஸ் உடைந்து உடைந்து வாங்கின வீட்டில் பிறந்தவளுக்கு இதெல்லாம் தன்னால் தெரியும். வலது கால் கட்டைவிரலில் தொட்டில் கயிற்றைச் சுற்றியிருந்தாள். சேலைத் தொட்டிலுக்குள் தன்யஸ்ரீ, ரெண்டரை வயசு, மத்தியானச் சோறு உண்டுவிட்டு வாயைத் திறந்தபடி தூங்கினாள். உள்ரூமில் கட்டிலில் வீட்டுக்காரர் சுடலைமணி மல்லாந்து கிடந்தார். வலது கண்ணில் கட்டு. இடது கண்ணில் கட்டில்லை, ஆனாலும் அதையும் அசைக்கக்கூடாது, ஒரு கண் திரும்பினால் மற்றதும் கூடத் திரும்பும், செவ்வாய்க்கிழமை கட்டுப் பிரிக்கிறவரைக்கும் மூடியே வைத்திரு என்று கண்ணாஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பிரித்த பிறகுதான் அந்தக் கண்ணில் பார்வை இருக்கிறதா இல்லையா என்று தெரியும். அவளுக்கு முன்னால் விரித்த பேப்பரில் மூன்று பல்பு வரிசையாக இருந்தது. மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற ரெண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போகிற வழியில் அவற்றை வாங்கிக்கொள்ளக் கொழுந்தன் கொம்பையா வருவான். பல்பை மட்டும் கொடுக்கிறதற்காகவா போகிறான் அவன்? வெடித்த பல்பு உட்கார்ந்திருந்த கூட்டையும் எடுத்துக்கொண்டு போய், ஜங்ஷனில் அந்தப் பல்பை விற்ற லாரன்ஸ் அண்ணனைக் கடை வாசலில் நிறுத்தி, நாலு பேர் பார்க்கக் கேட்கப் போகிறான். டூப்ளிகேட் பல்பைக் கொடுத்து எங்கண்ணன் கண்ணைக் கெடுத்துட்டியே என்று கேட்கப் போகிறான். கடிகாரத்தைப் பார்த்தாள். ரெண்டரை. பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்த பிறகு அதன் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

மாவைத் திருப்பிப் பார்த்தாள். தூள் தூளாக மினுங்கியது, கல் உப்பைப் புரட்டின மாதிரி. இன்னொரு தரம் விட்டு, இந்த முறை மூலையில், ஃபேன் இருக்கிற பக்கமாக ஒற்றினாள். சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு வளைந்த சில்லு வந்தது. வெளிச்சத்துப் பக்கம் திருப்பினவள் அப்படியே இருந்துவிட்டாள். கால் நின்றுபோனது. தொட்டில் தன்பாட்டுக்கு ரெண்டு ஆட்டம் ஆடி ஓய்ந்தது. சில்லின் ஒரு பக்கம் கண்ணாடியாக இல்லை. தீய்ந்த தோசை ஓரம் மாதிரி ஒரு பழுப்பு, அதற்கு நடுவில் கறுத்துப்போன ஒரு பொட்டு, கறுப்புக்குள்ளே பார்த்தால் இன்னும் கொஞ்சம் சிவப்பு. சந்தனம். குங்குமம். அவள் வைத்தது. அவளுடைய மோதிர விரல் வைத்தது. இது தூசியாக இருக்கலாமே, துருவாக இருக்கலாமே என்று மனசு ஒரு நொடி ஓடிப் பார்த்தது, கண்ணாடி எங்கேயாவது துருப்பிடிக்குமா என்று அந்த மனசே கேட்டுத் திரும்பி வந்தது. ஆயுத பூசையன்றைக்கு எல்லாவற்றுக்கும்தானே வைத்தாள். அரிவாள்மனைக்கு வைத்தாள், மிக்ஸிக்கு வைத்தாள், கிரைண்டர் கல்லுக்கு வைத்தாள், அவருடைய பைக்குக்கு, ஸ்கிரீன் கட்டுகிற கம்புகள் நாலுக்கும், ரிமோட்டுக்குக்கூட வைத்தாள். போன வருசம் புரொஜெக்டருக்கு மேல்பெட்டியில் மட்டும் வைத்தது. அந்த வருசம் பூராவும் விசேச வீடுகளில் படம் காட்டுகிற தொழில் மந்தம், கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாம் பெரிய டிவி கேட்டார்கள். இந்த வருசம் வைக்கும்போது அவளுக்குத் தோன்றியது, பெட்டிக்கு வைத்து என்ன, சாமி உள்ளே அல்லவா இருக்கிறது என்று. கார்த்திகைக்கு அம்மா வீட்டில் அகல் அகலாக வரிசை வைத்துச் சந்தனம் குங்குமம் இட்ட பிறகுதான் திரி போடுவார்கள். பொட்டில்லாத விளக்கை ஏற்றினால் வீடு விளங்காது என்று அம்மா கையைத் தட்டிவிடுவாள். இதுவும் விளக்குத்தானே. இந்த வீட்டுக்குச் சோறு போடுகிற விளக்கு இதுதானே. இதற்கு ஒரு நாள் ஒரு பொட்டு வைத்ததுண்டா? அவர் வாய்க்கால் பக்கம் குளிக்கப் போயிருந்தார். ரெண்டு ஸ்குருதான், அவர் கழட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கழட்டி, பல்பைக் கூட்டோடு இழுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். சங்கு மாதிரிப் பளபளவென்று ஒரு குழி, குழிக்கு நடுவில் சின்னதாக ஒரு மொட்டு. கண்ணாடி மொட்டு. அவ்வளவு சின்னதுக்குள்ளிருந்தா அவ்வளவு பெரிய வெளிச்சம் வருகிறது என்று அவளுக்கு ஆச்சரியம், தன்யஸ்ரீ பிறந்த அன்றைக்கு அவள் விரலைப் பார்த்த மாதிரி ஒரு ஆச்சரியம். மொட்டின் நெற்றி எது என்று தேடினாள். குழிக்குள் விரலை விட்டு, சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் தொட்டு, இந்த வருசமாவது அவரைக் கைவிட்டுராத தாயே என்றாள். வேண்டிக்கொண்டுதான் வைத்தாள். அதுதான் இப்போது நெஞ்சைப் போட்டுப் பிசைகிறது. மறந்து போய்த் தொட்டிருந்தால்கூட ஒருவிதம்.

மாவை மடித்துச் சில்லை உள்ளே மூடினாள். மூடின பிறகும் அது தெரிகிற மாதிரியே இருந்தது. காலை அசைத்தாள், தொட்டில் ஆடியது, கயிறு விட்டத்தில் கிரீச்சென்றது, பல்பு வெடித்த மண்டபத்து ஃபேனும் இப்படித்தான் கிரீச்சிட்டது. காதுகுத்து வீடு. பூசை முடிந்து மூணாம் நாள். பகல் என்பதால் ஜன்னலுக்கெல்லாம் படுதா போட்டு இருட்டாக்கியிருந்தார்கள். காது குத்துகிற பிள்ளையின் போட்டோ ஒவ்வொன்றாக வரும், தாய்மாமன் மடியில் மொட்டை அடிக்கும்போது ஒன்று, யானை பொம்மையோடு ஒன்று. ஆவுடை எப்போதும் போல ஸ்கிரீனுக்குப் பின்னால் நின்றாள். கூட்டத்தில் நிற்கக் கூச்சம், கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தான், எல்லா வீட்டு விசேசத்தையும் அவள் துணிக்குப் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறாள். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் திருப்பித் தெரியும், தாலி கட்டுகிற கை இடது கையாக இருக்கும், எழுத்தெல்லாம் தலைமாறி இருக்கும். இங்கிலீஷ் எழுத்து அவளுக்கு முன்னாலிருந்து பார்த்தாலும் அப்படித்தான். அன்றைக்கு முதலில் புரொஜெக்டர் பக்கத்தில்தான் நின்றாள். தன்யஸ்ரீ இடுப்பிலிருந்து எக்கி எக்கி வெளிச்சத்துக்குள் கையை விட்டுச் சிரித்தாள், ஸ்கிரீனில் பெரிய கை ஒன்று அசைந்தது, எல்லாரும் சிரித்தார்கள். "ஏட்டி, பிள்ளைய அங்கிட்டுக் கொண்டு போ, படத்த மறைக்கா" என்றார் அவர். அப்படி ஒரு வார்த்தை சொன்னாரே. சொல்லாவிட்டால்? அவர் முகம் இருந்த இடத்துக்கும் பிள்ளை இடுப்பில் இருந்த உயரத்துக்கும் என்ன தூரம், ஒரு முழம் இருக்குமா, அரை முழம் இருக்குமா. இதை நினைக்கக்கூடாது. தினமும் குளிப்பாட்டும்போது பிள்ளையின் தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள், பன்னிரண்டு நாளாக, ஒரு தூள்கூட இல்லை, இருக்கவும் முடியாது, இருந்தாலும் பார்க்கிறாள். அவள் நகர்ந்து போகும்போது அவர் மூக்கை உறிஞ்சினார். "என்னட்டி ஆவுடை, சந்தன வாசம் வருது! இந்த மண்டபத்துல தொழில் அமோகமா இருக்கப் போவுது பாத்துக்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். அம்மன் வந்து நிற்கிறாள் என்றே நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீனில் பிள்ளையின் முகம் ஊதா நிறமாகிப் போனது, ஒரு பக்கம் இருட்டி, மறுபடி வெளுத்து, மறுபடி ஊதா. விசில் அடித்தார்கள். தாய்மாமன்காரன் கத்தினான், "என்னவே மெசினு இது, எம்மருமவ மூஞ்சி கத்தரிக்கா மாதிரி இருக்கு." அவருக்கு அவசரம். ஆறட்டும் என்று கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவருக்கே தெரியும், ஆனாலும் சூட்டோடு சூடாக மூடியைக் கழட்டிக் குனிந்தார். ஒரு சத்தம். பலூன் வெடித்த மாதிரித்தான், அதைவிடப் பெரிசில்லை. ஸ்கிரீன் கறுத்தது. துணிக்குப் பின்னால் அவளும் பிள்ளையும் மட்டும் இருட்டில், துணிக்கு அந்தப் பக்கம் அவர், "எம்மா" என்று.

"ஆவுடை." உள்ளேயிருந்து குரல் வந்ததும் மாவு கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. "என்னங்க." "முழிச்சுத்தான் இருக்கியா? சத்தத்தையே காணோம்." "உள்ள துடைச்சிக்கிட்டு இருக்கேன்." "பாத்துத் துடை, கைய வெட்டிக்கிடாத. கண்ணாடி எல்லாம் வந்துட்டா?" "வந்துக்கிட்டு இருக்கு." வந்துக்கிட்டு இருக்கு என்று எப்படி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய் என்று தன்னையே கேட்டாள். அவர், கூரையிடம் பேசுகிற மாதிரி, "இந்தக் கண்ணுக்குள்ள இன்னும் ஸ்கிரீன் கட்டியிருக்குட்டி. வெள்ளையா ஒரு சதுரம். படம் ஒண்ணும் வரல. போட்டுவிட்டுட்டு ஆள் எங்கயோ போயிட்டான் போல" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தால் அவளும் சிரிக்க வேண்டும். உதட்டை இழுத்துப் பார்த்தாள், அவரால் பார்க்க முடியாது என்று ஞாபகம் வந்து விட்டுவிட்டாள். "வெறும் பல்ப எடுத்துக்க, என்ன? அந்தக் கூட்டோட வாரதெல்லாம் வெட்டிச் செலவு. பழைய கூடு நல்லாத்தான் இருக்கு, அத கொம்பையா லாரன்ஸ்கிட்டக் காட்டிட்டுக் கொண்டாந்துருவான். ஞாயித்துக்கிழம சடங்கு வீட்டுக்கு நீதான் மாட்டணும். நான் சொல்லச் சொல்ல மாட்டிரு. உனக்குத்தான் விரலு சின்னது, குழிக்குள்ள லேசாப் போயிரும்." உனக்குத்தான் விரல் சின்னது. மாவு ஒட்டியிருந்த விரல்களை அவள் பார்த்தாள். பத்தும் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி இருந்தன. "சரிங்க" என்றாள். எதற்கெடுத்தாலும் முதலில் சரிங்க என்று வந்துவிடுகிறது, பிறகுதான் என்ன கேட்டார்கள் என்றே மண்டைக்கு ஏறுகிறது. ரேசன் கடையில் அப்படி, ஆஸ்பத்திரியில் அப்படி. ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸம்மா கேட்டாள், எப்படிம்மா வெடிச்சுது, பல்புல ஏதும் கோளாறு இருந்துச்சா? சரிங்க என்றாள். நர்ஸம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்கே தெரியாதே. சத்தியமாகத் தெரியாது. அம்மன் கோபமோ, யார் கண் பட்டதோ, பிள்ளை வெளிச்சத்தில் கைவிட்டது ஆகாதோ என்று என்னவெல்லாமோ நினைத்தாள். இன்று காலை பத்து மணி வரைக்கும் தெரியாது.

பத்து மணிக்கு லாரன்ஸ் அண்ணன் போன் பண்ணினார். அவள் லாரன்ஸ் அண்ணனைப் பார்த்தது ஒரே ஒரு தரம், தன்யஸ்ரீ பிறந்தபோது ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார், தலை பூராவும் நரை, பிள்ளையைத் தூக்கப் பயந்துபோய் "நான் பல்பத்தான் தூக்குவேன், இது அதவிட மெல்லிசு" என்று சொன்ன மனுசன். இன்றைக்குக் குரல் அடங்கியிருந்தது. "தங்கச்சி, தம்பிக்குக் கண்ணு எப்படிம்மா இருக்கு? செவ்வாய்க்கிழமயா? சரிம்மா. நான் வந்து பாக்கலாம்னா கொம்பையா மொகமே சரியில்ல நேத்து. மூணு பல்பு குடுத்து விட்டிருக்கேன், பாத்து எடுத்துக்கோங்க. இங்கேரும்மா, அந்தப் பழைய பல்ப நான் கடையில ரெண்டு மணி நேரம் எரிய விட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். ஆனாலும் மனசு கேக்க மாட்டேங்கு. எங்கையால குடுத்த பல்பு. எம்மேல தான் தப்போன்னு சோறு இறங்க மாட்டேங்கும்மா." பிறகுதான் அவர் சொன்னார். "நீ மாட்டப் போறன்னு கொம்பையா சொன்னான். அப்பம் ஒண்ணு கேட்டுக்கோ. நடுவுல மொட்டு மாதிரி இருக்கும் பாரு, அதுல மட்டும் விரலு பட்டுரக்கூடாது. நம்ம விரல்ல எண்ணெய்ப் பசை இருக்கும்லா, அது பட்ட இடத்துல சூடு ஏறி ஏறி வெடிச்சிரும். ஒரு ரேகை பட்டாப் போதும்மா. தம்பிக்குத் தெரியும், ஒனக்குத் தெரியாதுல்லா, அதான் சொல்லுதேன்." ஒனக்குத் தெரியாதுல்லா. ஒரு ரேகை பட்டால் போதும் என்றால் ஒரு விரல் சந்தனம் பட்டால்? இதைக் கேட்க வாய் வந்தது. "அண்ணே" என்றாள். "என்னம்மா?" "ஒண்ணுமில்லண்ணே. பிள்ள அழுதா." பிள்ளை அழவில்லை. போனை வைத்துவிட்டாள். வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு விசயத்தை அவளுக்கு அவர் ஏன் சொல்லவில்லை, நாலு வருசத்தில் ஒரு நாள் சொல்லியிருக்கலாமே, தொடாத தொடாத என்றுதானே சொன்னார், ஏன் தொடக்கூடாது என்று சொன்னாரா, எல்லாவற்றையும்தான் தொடாத என்பார், பைக்கைத் தொடாத, ரிமோட்டைத் தொடாத. கோபம் வந்தது. வந்த கோபம் உள்ரூம் வாசல்வரை போய், மூடின கண்ணையும் கட்டின கண்ணையும் பார்த்து, செத்துத் திரும்பி வந்தது. கொம்பையா நேற்று அந்தப் பல்புகளைக் கொண்டுவந்து வைக்கும்போதே சொன்னான், "மொதல்ல பல்ப வாங்கிருவோம், பெறவு அவன வாங்குவோம் மைனி." சிரிப்புக்குத்தான் சொன்னான். ஆனால் கூட ரெண்டு கூட்டாளிகள் வருகிறார்களாம். லாரன்ஸ் அண்ணன் கடைக்கு முன்னால் எப்போதும் சாயங்காலம் கூட்டமாக இருக்குமாம், அதனால்தான் நாலு மணி பஸ்.

மூணே கால். புரொஜெக்டரின் வயிறு சுத்தமாகிவிட்டது. சுத்தமாகிவிட்டது என்கிற அந்த நினைப்பே அவளைத் தூக்கிப் போட்டது. வீட்டுக்காரர் துடை என்றார், துடைத்தாள். துடைத்ததில் எது போனது? மாவு உருண்டையைச் சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. கோழிகூடக் கொத்தாது. பிறகு இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும். அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதாதா? ஆறாங்கிளாஸில் கரும்பலகைக்குப் புதுசாக மை பூசிக் காயவிட்டிருந்தார்கள். ஒருத்தரும் இல்லாத நேரம் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், குளுகுளுவென்று இருந்தது, எடுத்தால் அஞ்சு விரலும் அப்படியே பலகையில். பாவாடைக்கு உள்பக்கம் துடைத்துக்கொண்டாள். டீச்சர் எல்லார் கையையும் நீட்டச் சொன்னார்கள். செல்லக்கனி கையில் மை இருந்தது, அவள் மை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தவள், பிரம்பு பட்டதும் சத்தமே போடவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடினாள். அந்தக் கை அந்தப் பலகையில் அழியவே இல்லை. மேலே என்ன எழுதினாலும் அதற்கு அடியில் அவளுடைய அஞ்சு விரல். கணக்குக்கு அடியில், திருக்குறளுக்கு அடியில். ஏழு மாசம் தினமும் பார்த்தாள். பெரியவளானதும் படிப்பை நிறுத்தினார்கள், எல்லாரும் அழுவாள் என்று நினைத்தார்கள், அவள் அழவில்லை, அந்தப் பலகையைப் பார்க்க வேண்டாமே என்றுதான் இருந்தது. செல்லக்கனி இப்போது எங்கே இருக்கிறாளோ. ஒரு நாள்கூட அவளிடம் சொல்லவில்லை.

சரி, பல்பைப் பார். பல்பைத் தேர்ந்தெடுக்கத்தான் உட்கார்ந்தது. பழைய கூட்டில் ஒட்டியிருக்கிற காகிதத்தையும் புதுசில் ஒட்டியிருக்கிறதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க வராது, ஆனால் கோலம் பார்க்கிற மாதிரிப் பார்த்தால் ஒன்று மற்றதைப் போல இருக்கிறதா இல்லையா என்று தெரியும். முதல் பல்பில் கடைசி எழுத்து வேறே, வயிறு ரெண்டாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வயிறுதான் இருந்தது. அதைத் தள்ளி வைத்தாள். ரெண்டாவது அவர் சொன்ன வெறும் பல்பு, பஞ்சில் சுற்றி, பெட்டிக்குள் பிறந்த குழந்தை மாதிரி. குழி திறந்து கிடந்தது, நடுவில் மொட்டு. பார்க்காதே என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அதற்கும் நெற்றி இருந்தது. விரல் நுனி கூசியது, தொடத் துடிக்கிற கூச்சமா தொடாதே என்கிற கூச்சமா தெரியவில்லை, மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே இழுக்குமே, அது மாதிரி. கையைப் பின்னால் இழுத்துச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டாள். மூன்றாவது கூட்டோடு வந்தது, குழிக்கு மேல் ஒரு கண்ணாடி மூடி, யார் நினைத்தாலும் விரல் உள்ளே போகாது, அப்படியே தள்ளி ரெண்டு ஸ்குருவை முறுக்கினால் ஆயிற்று. அதன் பெட்டியில் ஒரு காகிதம் இருந்தது. பூராவும் இங்கிலீஷில் பொடி எழுத்து. நடுவில் ஒரு படம், ஒரு கை, ஒரு விரல், விரல் போய் அந்த மொட்டைத் தொடுகிறது, கைமேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. அந்த எழுத்துத் தெரியாதவளுக்கென்றே வரைந்த மாதிரி. அவளுக்கென்றே வரைந்த மாதிரி. எங்கேயோ ஒரு தேசத்தில் ஒருத்தன் உட்கார்ந்து, சங்கரன்கோவிலில் ஆவுடைச்செல்வி என்று ஒருத்தி இருப்பாள், அவள் இப்படிச் செய்வாள் என்று தெரிந்து வரைந்து அனுப்பியிருக்கிறான், அது வந்து சேரப் பன்னிரண்டு நாள் பிந்திவிட்டது.

மூன்றாவதைத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் அவர் கேட்பார், ஏன் இத எடுத்த, வெறும் பல்பு போதும்னு சொன்னேம்லா? அந்த ஏனுக்கு ஒரு பதிலும் கிடையாது, உள்ள பதில் ஒன்றுதான். வெறும் பல்பை எடுத்தால் கேள்வி இல்லை, சரிங்கதான். சரிங்க என்று கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இந்த விரலை அந்தக் குழிக்குள் விட்டு, கொம்பையா குனிந்து பார்க்க, அவனுக்கும் கண் ரெண்டுதான். கூட்டோடு உள்ளதை எடுத்து, எனக்குப் பயமாருக்குங்க என்று சொல்லலாமே. அது பொய்யும் இல்லை. பயந்தவள் என்று ஊருக்கே தெரியும், நம்பிவிடுவார். நம்பிவிட்டு, சரி கழுத, எடுத்துக்கோ என்பார். கொம்பையா பழைய கூட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவான். சாயங்காலம் அந்த நரைத்த தலை கடை வாசலில் நிற்கும், கூட்டத்துக்கு நடுவில், கையை நீட்டு என்றால் நீட்டும், எம்மேல தான் தப்போ என்று ஏற்கெனவே பாதி நீட்டித்தான் வைத்திருக்கிறது. சொன்னால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். அடிப்பாரா? அடிக்கிற ஆள் இல்லை. அது ஒன்றும் பெரிசில்லை. பேசாமல் இருந்துவிடுவார். கட்டிலில் மல்லாந்தபடி, கண்ணை மூடியபடி, பேசாமல். இனிமேல் அவள் சோறு பிசைந்து ஊட்டும்போது வாய்க்கு முன்னால் அந்த விரல் வரும், கண் தெரியாத மனுசனுக்கு விரல் வருவதுதான் தெரியும், இந்த விரல்தான் என்று தோன்றும். செவ்வாய்க்கிழமை பார்வை வந்துவிட்டால் மறந்துவிடலாம். வராவிட்டால், தன்யஸ்ரீ பெரியவளாகி, அப்பாவுக்குக் கண்ணு எப்படிம்மா போச்சு என்று கேட்கிற அன்றைக்கு, அவர் வாய் திறக்காமல் இவளைப் பார்ப்பார், ஒரு கண்ணால். செவ்வாய்க்கிழமைவரை பொறுக்கலாமா. பார்வை வந்த பிறகு சொன்னால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். லாரன்ஸ் அண்ணனுக்குச் செவ்வாய்க்கிழமை கிடையாது, இன்று சாயங்காலம்தான். எப்படி ஆரம்பிக்கிறது? ஏங்க, ஒண்ணு சொன்னாக் கோவப்படக்கூடாது. அப்படி ஆரம்பித்தால் கோபப்படாமல் யார் இருப்பார்கள். ஏங்க, பூசையன்னிக்கு ஒரு காரியம் நடந்துபோச்சு. தானாக நடந்தது போல. பல்புல சந்தனம் பட்டுருச்சுங்க. யாரோ தெளித்த மாதிரி. எந்தப் பக்கம் போனாலும் அந்த நான் என்கிற ஒரு வார்த்தையைச் சுற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டு போகிறது நாக்கு, வழியில் படுத்திருக்கிற மாட்டைச் சுற்றிப் போகிற மாதிரி. தெருவில் பைக் நிற்கிற சத்தம் கேட்டது. தொட்டிலுக்குள் பிள்ளை ஒரு தரம் நீளமாக மூச்சு இழுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். செருப்பைக் கழட்டுகிற சத்தம். "என்ன மைனி, மாவும் கையுமா? சாயங்காலம் பூரியா?" என்று சிரித்துக்கொண்டே கொம்பையா வாசலில் நின்றான், சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான், சண்டைக்குப் போகிறவன் சட்டை தேய்ப்பானா, தேய்த்திருந்தான். "அந்தப் பழைய கூட்டத் தாங்க. அவன் மேசையில போட்டுட்டுத்தான் பேச்சே." அவள் கூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை. அவன் நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. "ஏட்டி ஆவுடை!" உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். "கொம்பையா வந்துட்டானா? இங்க வா, எத எடுத்தன்னு எங்கையில குடு, தடவிப் பாத்துக்கிடுதேன்." கால் கட்டைவிரலிலிருந்து கயிற்றைக் கழட்டினாள். மூன்றாவது பல்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள், மடியில் கிடந்த மாவெல்லாம் தரையில் உதிர்ந்தது, பழைய கூடு இன்னொரு கையில். உள்ரூம் இருட்டாகத்தான் இருந்தது. அவர் கை காற்றில் நீண்டிருந்தது. அதில் வைத்தாள். அவர் விரல்கள் கூட்டைத் தடவின, மூடியைத் தடவின, நின்றன. "இது கூட்டோட உள்ளதுல்லா? இது எதுக்குட்டி? வெறும் பல்பு போதும்னு சொன்னேம்லா?" வாசலில் கொம்பையா, "நேரமாச்சு மைனி" என்றான். அவள் கட்டில் ஓரத்தில் தரையோடு உட்கார்ந்தாள். அவருடைய கட்டின கண் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. "கொழுந்தன் போக வேண்டாம்ங்க. லாரன்ஸ் அண்ணன் மேல ஒண்ணும் இல்ல. நான்" என்றாள், "நான்தாங்க, பூசையன்னிக்கு, நீங்க வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருந்தீகள்லா, அப்பம் நான் அந்த ரெண்டு ஸ்குருவையும் கழட்டி, பல்ப வெளிய எடுத்து, என் விரலால அந்த மொட்டுல பொட்டு வச்சேன்."